நடுவில் இல்லாத பன்னிரண்டு ஆண்டுகள்

பான், மேற்கு ஜெர்மனி, 11 மார்ச் 1958

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இன்று காலை முதல் வேலையாகத் தட்டச்சுப் பொறிக்குப் புது நாடா மாட்டினேன். அமைச்சர் பிரெமுக்கு அறுபது வயதாகிறது. விழா மலருக்கு அவர் வாழ்க்கைக் குறிப்பை அடிக்கிறேன். 1933இல் நம் ஊர் நகராட்சி அதிகாரி. அடுத்த வரியிலேயே 1945, இன்றைய ஆளுங்கட்சியை நம் ஊரில் தொடங்கியவர். நாஜி ஆட்சிக் காலம் முழுவதும் விடுபட்டிருந்தது.

"நடுவுல பன்னிரண்டு வருஷத்தைக் காணோமே, ஐயா" என்றேன்.

"முட்டைக்கோஸ் நட்டேன்னு போட்டுக்கம்மா" என்று சிரித்தார்.

பக்கத்து மேசை கெர்லிண்டே, "இந்த ஊர்ல எல்லாருமே தோட்டக்காரங்கதான்டி, உனக்குத் தெரியாதா?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

பழைய கோப்பில், போர் முடிந்த குளிர்காலத்தில், அவர் நாஜிகளோடு சேராதவர் என்று நீங்கள் எழுதிக்கொடுத்த நற்சான்று இருந்தது. பக்கத்து வீட்டு யூதர்களான ஹெர்ட்ஸ் குடும்பத்தை வெளியேற்றிய உத்தரவில் அவர்தான் கையெழுத்திட்டார் என்று எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் எழுதிக்கொடுத்தார்கள்.

பிளம்ஸ் ஜாம் அனுப்பினால் சின்னப் புட்டியே போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒருத்திதான்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, வேலை போகும் என்றும் தெரியும்: நாளை அச்சகத்துக்குப் போகும் தாளில் அந்த உத்தரவையும் ஒரு வரியாக அடிக்கப்போகிறேன்.

உங்கள் இர்ம்ட்ராட்