இரும்புக்கு வழிவிட்ட அட்டவணை

மார்ச் 3, திங்கள்

மாத்திரை அட்டவணையின் நான்காம் திருத்தம் இன்று அமலுக்கு வந்தது.

காலை 6.00 – இரும்பு, வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றுடன். 8.30 வரை தேநீர் கூடாது. மதியம் 1.30 – கால்சியம். மாலை 5.00 – துத்தநாகம். இரவு 8.00 – எல்லாச் சத்தும் சேர்ந்த மாத்திரை. ஒன்றை ஒன்று மறிக்காது. முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவன் நான். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளை மோதாமல் அனுப்பியவனுக்கு நான்கு மாத்திரைகள் எந்த மூலைக்கு?

ஓய்வுபெற்றோர் சங்கத்து இலவச முகாமில், "ரத்தம் கம்மி சார், இரும்பு சாப்பிடுங்க" என்றார்கள். இரண்டு வருடம் ஆகிறது. எத்தனை நாள் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

"ரெண்டு வருஷமா இரும்பா முழுங்கறீங்க, இன்னும் வெளுத்த வேட்டி மாதிரிதான் இருக்கீங்க" என்றாள் மனைவி. "ஒரு டாக்டரப் பாத்தா என்ன? கடிச்சா வெச்சுருவாங்க?"

மார்ச் 6, வியாழன்

டாக்டரைப் பார்த்தேன். மகள் வயதுதான் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டவணையை நீட்டினேன். வெகுநேரம் படித்தார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

"இத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபெரிட்டின் பாத்தாங்களா? உடம்புல இரும்பு எவ்வளவு சேந்திருக்குன்னு காட்டற டெஸ்ட்."

இல்லை என்றேன். இரண்டு குப்பி ரத்தம் எடுத்தார்கள். அப்பாவும் வெளுப்பாகத்தான் இருந்தாரா என்று கேட்டார். ஆமாம். ஆயுள் முழுக்க டானிக் குடித்தார். ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

மார்ச் 10, திங்கள்

தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு. பயப்படும் வகை அல்ல, அதைச் சுமந்து திரியும் வகை. பிறவியிலேயே இருக்கிறதாம். ரத்தம் சற்றுக் குறைவாக இருப்பதுதான் எனக்கு இயல்பாம். அறுபத்தொன்பது வயதில் என் இயல்பு எனக்குத் தெரிகிறது!

"உங்களுக்கு ரத்தம்தான் கம்மி, இரும்பு கம்மி இல்ல. செங்கல் குவிஞ்சு கிடக்கு. கொத்தனார்தான் ரத்த அணுவ சின்னச் சின்னதா கட்டறார். நீங்க மேல மேல செங்கல் இறக்கிட்டே இருந்திருக்கீங்க."

ஃபெரிட்டின் முந்நூறைத் தாண்டக் கூடாதாம். எனக்குத் தொள்ளாயிரத்து நாற்பது. மிஞ்சிய இரும்பு தானாக வெளியேற உடம்பில் வழியே இல்லை. கல்லீரலிலும் இதயத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்லவேளை, கல்லீரல் இன்னும் சரியாக இருக்கிறது. இரும்பை உடனே நிறுத்த வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை.

பிறகு அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தார். "மத்தவங்க மறந்துருவாங்க, டீயோட முழுங்குவாங்க, பாதி வீணாப் போகும். நீங்க ஒரு துளிகூட வீணாக்கல சார்."

எல்லா வண்டிக்கும் பச்சைக் கொடி காட்டியிருக்கிறேன். திரும்பிப் போகத் தடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

கதவருகே வந்தபோது, "பிள்ளைங்க?" என்றார். ஒரே மகள், பத்து வாரக் கர்ப்பம் என்றேன். அவர் முகம் மாறியது. மகளுக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாப்பிள்ளைக்கும் இருந்துவிட்டால், குழந்தைக்குக் கடுமையான வகை வர நான்கில் ஒரு வாய்ப்பு. இருவரையும் இந்த வாரமே பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

"சரி" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மகள் மாமியார் வீட்டில் இருக்கிறாள். சம்பந்தி அம்மாள் சாதாரண ஆள் இல்லை. "எங்க குடும்பத்துல மாத்திரை டப்பாவே கிடையாது" என்று நிச்சயதார்த்தத்தன்றே அறிவித்தவர். அவரிடம் போய் உங்கள் மகனின் ரத்தத்தைச் சோதியுங்கள் என்பதா?

கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். மூன்றாவதில் ரத்தம் என்ற சொல்லே இல்லை. நலம், நலமறிய ஆவல் மட்டும் மிஞ்சியது.

மார்ச் 12, புதன்

போன் செய்தேன். சம்பந்தி அம்மாள்தான் எடுத்தார். ஆறு நிமிடம் பேசினோம்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"அங்கயும் வெயிலாம்."

அவள் கரண்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

மார்ச் 13, வியாழன்

இரவு எட்டு மணி மாத்திரைப் புட்டியை மனைவி பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். அதிலும் இரும்பு! "பாருங்க, உங்க ஆளு டிக்கெட் இல்லாம இதுலயும் ஏறி உக்காந்திருக்கான்." இரும்பை நிறுத்திவிட்டதாக நினைத்து மூன்று நாளாக அதைத்தான் விழுங்கியிருக்கிறேன். கையால் எழுதி எழுதி நான்கு முறை திருத்தியவன், ஒரு முறை புட்டியைப் படித்திருக்கக் கூடாதா?

மார்ச் 15, சனி

மகள் பேசினாள். "எனக்கும் ரத்தம் கம்மியாம்ப்பா. ஆஸ்பத்திரியில இரும்பு மாத்திரை குடுத்தாங்க. அத்தை கடையில இன்னொண்ணு வாங்கிச் சேத்துக் குடுக்கறாங்க. நம்ம வீட்டுக்கு வந்தப்ப உங்க அட்டவணைய போட்டோ எடுத்துட்டு வந்தாங்கல்ல, அத ஃபிரிஜ்ல ஒட்டி வெச்சிருக்காங்க. 'உங்கப்பாதான் ஒழுங்கான மனுஷன்'ங்கறாங்க."

என் அட்டவணை. என் பொண்ணு வயித்துக்குள்ள. ஐயோ, நான் என்ன மனுஷன்? எதுக்கு இந்தக் கடுதாசியெல்லாம்—

போனில் சொல்லும் விஷயமில்லை. நாளைக் காலை 9.10 பேருந்து.

மார்ச் 16, ஞாயிறு

போனேன்.

"சம்பந்தியம்மா, அட்டவணையில ஒரு திருத்தம்" என்று ஆரம்பித்தேன்.

"குடுங்க சம்பந்தி, இப்பவே ஒட்டிடறேன்."

"ஒட்டறதுக்கு இல்ல. கிழிக்கறதுக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். கோர்வையாக வரவில்லை, கொத்தனாருக்கு முன்னால் செங்கல் வந்துவிட்டது. அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"இத கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லலியே?"

"எனக்கே ஆறு நாளைக்கு முன்னாடிதான் தெரியும்."

"உங்க வீட்டு ரத்தத்துல இருக்கறதுக்கு எம் புள்ள ஏன் கை நீட்டணும்? எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாது."

"எங்க வம்சத்துலயும் அறுபத்தொம்போது வருஷமா கிடையாதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். டெஸ்ட் எடுக்கறேன்னு மாப்பிள்ளை வாயால சொல்றவரைக்கும் நான் இங்கருந்து கிளம்பறதா இல்ல."

சொன்னது நானேதான். சொன்ன திகைப்பில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்கு அது பிடிவாதம் போலத் தெரிந்திருக்க வேண்டும்.

தலை துவட்டியபடி மாப்பிள்ளை வந்தார். "ஒரு ஊசிதானேம்மா? மாமா இங்கயே குடியேறிடுவார் போல. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் போறோம்."

ஃபிரிஜ்ஜிலிருந்து அட்டவணையை நானே கிழித்தேன். கடை மாத்திரை வேண்டாம். ஆஸ்பத்திரி கொடுத்த இரும்பையும், குழந்தைக்கான ஃபோலிக் அமில மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது, அங்கேயே கேள் என்று மகளிடம் இரண்டு முறை சொன்னேன். சிரித்தாள். சட்டென்று அழுதுவிட்டாள்.

"பத்தாம் தேதியே ஏம்ப்பா சொல்லல?"

கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 17, திங்கள்

மகளும் மாப்பிள்ளையும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. முடிவு வர நான்கு நாள்.

மார்ச் 19, புதன்

போன் அடித்தது. ஓடினேன். கேபிள்காரர்.

மார்ச் 21, வெள்ளி

மகளுக்கு இருக்கிறது. என்னுடையதுதான்.

மாப்பிள்ளைக்கு இல்லை. இல்லை! குழந்தைக்குக் கடுமையான வகை வராது. வந்தால் என் வகைதான்; என்னைப் போல வெளுப்பாக இருக்கும், அவ்வளவுதான். மகளுக்கு இரும்புச் சேமிப்பும் உண்மையிலேயே கொஞ்சம் குறைவாம். ஆகவே ஆஸ்பத்திரி கொடுத்த இரும்பு மாத்திரை மட்டும் தொடரும், அடுத்த மாதம் திரும்பப் பார்ப்பார்கள். இரும்பு அவளுக்கு வேண்டும், எனக்கு வேண்டாம். ஒரே ரத்தம்தான்; பார்க்காமல் சொல்ல முடியவில்லை பாருங்கள்.

மனைவி சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க இருவருக்குமே துணை தேவைப்பட்டது.

ஏப்ரல் 2, புதன்

சம்பந்தி அம்மாள் போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"சம்பந்தி, என் தம்பிக்கும் ரத்தம் கம்மின்னு மூணு வருஷமா இரும்பு மாத்திரை போட்டுட்டிருக்கான். டெஸ்ட் எதுவும் எடுத்ததில்ல. நான் சொன்னா அடிக்க வர்றான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க உக்காந்தா எழுந்திருக்க மாட்டீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

தம்பி ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். மீசை பெரிது, நாயும் பெரிது.

நாளை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன்.