இடது பக்கம் திருப்பு

அண்ணனுக்கு,

வழக்கமாக எழுதும் 'அன்புள்ள' இந்த முறை கிடையாது. என் போனை நீ எடுப்பதில்லை, ஆபீஸ் மெயிலையும் எனக்கு மூடிவிட்டார்கள். அதனால்தான் அம்மாவைப் பார்க்க வந்த அண்ணியின் கைப்பையில் இதை வைத்து அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தாயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறாள். நம் விண்கலத்திலிருந்து சிக்னல் சரியாக வரவில்லை என்ற சேதியை டிவியில் கேட்டுவிட்டு, "அண்ணன் எவ்வளவு பெரிய ஆளு, அவன் வேலையில தப்பு வருமா? நீதான் எதையாவது கோணலா பண்ணித் தொலைச்சிருப்ப" என்றாள். வலி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

விசாரணைக் குழுவிடம் நீ சொன்னது என் காதுக்கு வந்தது. தங்கச்சி வடிவமைத்த கீல் சரியில்லை, ஆன்டெனாத் தட்டு பாதிதான் விரிந்தது, அதனால்தான் சிக்னல் ஈனஸ்வரத்தில் வருகிறது என்றாயாம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்! அந்தக் கீலைக் குளிர் அறையில் வைத்து விரித்து விரித்துப் பார்த்தவள் நான். தட்டு முழுசாகத்தான் விரிந்திருக்கிறது. தப்பு, தட்டுக்கு முன்னால் நின்று அதன் மேல் அலையை வீசும் கம்பிச் சுருளில். அது நீ செய்த தப்பு.

அம்மாவுக்காக நான் லீவில் இருந்த வாரம் அசெம்பிளி அறைக்கு வந்தாய். கலத்திலிருந்து அலை திருகாணி மாதிரி வலது சுழற்சியில் போக வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. சுருளோ இடதாகச் சுற்றியிருந்தது. என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாயா? "அவளுக்கு இடது வலதே தெரியாது, சின்ன வயசுல செருப்பையே மாத்தித்தான் போடுவா" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டு, வலதாகச் சுற்றிய சுருளை மாட்டச் சொன்னாய். மறுபடி சோதிக்க நேரமில்லை என்று அப்படியே மூடவும் வைத்தாய். மாட்டிய டெக்னீஷியனே என்னிடம் சொன்னார்.

அடப்பாவி! கண்ணாடி முன் நின்று வலது கையைத் தூக்கினால் உள்ளே தெரிகிறவள் இடது கையைத் தூக்குகிறாள். தட்டில் மோதித் திரும்பும் அலையும் அப்படித்தான் மாறிப்போகும். வலதாகப் போகட்டும் என்பதற்காகத்தான் நான் இடதாகச் சுற்றினேன். முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்த பாடம், திமிரில் உனக்கு மறந்துவிட்டது.

இப்போது கலம் இடதாகப் பேசுகிறது. உன் தரை நிலையத்துப் பெரிய டிஷ் வலதை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறது. கசிந்து வரும் முனகல்தான் உனக்குக் கிடைக்கிறது. இங்கிருந்து போகும் கட்டளையும் அதே லட்சணத்தில்தான் அங்கே போய்ச் சேருகிறது. டிஷ் கேட்பதையும் அனுப்புவதையும் இடதுக்கு மாற்ற ஒரு ஸ்விட்ச் போதும். ஆபரேட்டர்கள் கேட்டதற்கு, தொட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டினாயாமே. ஏன் மிரட்ட மாட்டாய்? மாற்றினால் சிக்னல் முழுசாக வரும், கீல் நல்ல கீல் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

குழுத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "வீட்டுச் சண்டையை ஆபீசுக்குக் கொண்டு வராதம்மா" என்று சொல்லி என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் வேகத்தைக் குறைக்கும் கட்டளை போய்ச் சேராவிட்டால், கலம் தான் சுற்ற வேண்டிய கிரகத்தைத் தாண்டிப் போய்விடும். பிறகு யாருக்குப் புத்தி வந்தாலும் அது திரும்பி வராது. என் தலை நரைத்ததே அதோடுதான் என்பது உனக்குத் தெரியும்.

அதனால் சொல்கிறேன், கேள். ஸ்விட்சை இடது பக்கம் திருப்பு. சுருளைத் தப்பாகச் சுற்றியவள் தங்கச்சி, கண்டுபிடித்துக் கலத்தைக் காப்பாற்றியவன் நான் என்று அறிக்கை எழுதிக்கொள். நான் கையெழுத்துப் போடுகிறேன். அம்மாவிடமும் அப்படியே சொல்கிறேன். அவள் உடனே நம்புவாள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. இந்த ஜென்மத்தில் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். என்னைத் தின்றுவிட்டுப் போ அண்ணா, கலத்தை மட்டும் விட்டுவிடு.

இப்படிக்கு,
தங்கை