ஜெனியின் குடல் இன்னும் முழிக்கவில்லை

9, செவ்வாய்

புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. தாம்பரத்தில் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். பேத்தி ஜெனிக்குக் குடல்வால் வெடித்து ஞாயிறன்று ஆபரேஷன். பதினாலு வயது. வகுப்பில் முதல் மார்க். மகனுக்கு மறைமலை நகரில் ஷிப்டு, மருமகள் மெர்சி டீச்சர், பரீட்சை நேரம். பகலுக்கு நான்.

வாய்க்கு ஒன்றும் கூடாது. உதட்டில் ஈரப் பஞ்சு மட்டும்.

சின்ன வயது டாக்டர். எல்லார் காதிலும் விழக் கேட்கிறார். "காத்து பிரிஞ்சுதா?" ஜெ. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொம்பளப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா சார் என்றேன். "எனக்கு அதான் பாட்டி இன்னிக்குத் தலைப்புச் செய்தி." இல்லை என்று தலையாட்டினேன்.

வார்டு பெருக்கும் கன்னியம்மா: "இன்னா பெரிம்மா, குசு வுட்டாத்தான் கஞ்சி. இதுக்குப் போயி வெக்கப்பட்டுகினு கீறியே." உடம்பு கூசிப்போனது.

10, புதன்

வெயில். சபையிலிருந்து பாஸ்டர், கூட ஏழு பேர், வாலிபப் பையன்களும். ஜெபம் முடிவதற்குள் டாக்டர். அதே கேள்வி. ஜெ. போர்வையை முகத்துக்கு இழுத்தாள். எங்கள் வீட்டுப் பெண்ணை இத்தனை ஆம்பளைகள் நடுவில் நிறுத்தி.

"ஆச்சு" என்றேன்.

வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். "சத்தம் கம்மிதான். சரி, போச்சுன்னா கஞ்சித்தண்ணி குடுங்க."

ஒரு நாள் முன்னே பின்னே, என்ன ஆகிவிடும். பிள்ளை மூன்று நாள் பட்டினி. அரை டம்ளர். மறுபடி அரை டம்ளர். சாயங்காலம் ஒரு இட்லி, நானே கரைத்து.

11, வியாழன்

பச்சையாக வாந்தி. மூன்று தடவை. வயிறு உப்பித் தோல் மினுமினுக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் இறக்கினார்கள். கையைப் பிடித்துக்கொண்டது நான். "வேணாம்னு சொல்லு பாட்டி, வேணாம்னு சொல்லு."

டாக்டர் மெர்சிக்கு விளக்கினார். அஞ்சாவது படித்த எனக்கே புரிந்தது. சாப்பாடு தானாகக் கீழே விழுவதில்லை. குடல் மண்புழு மாதிரி நெளிந்து நெளிந்து தள்ளுகிறது. சின்னக் குடல் மட்டும் இருபது அடி. சீழும் ஆபரேஷன் கையும் பட்டால் பயந்து நின்றுவிடும். பிறகு முதலில் சின்னக் குடல் முழிக்கும், அப்புறம் இரைப்பை, கடைசியில் பெருங்குடல். அதுவும் முழித்ததற்கு அடையாளம்தான் காற்று. அதற்குமுன் கொடுப்பது போக வழியில்லாமல் தேங்கும்.

"காத்து பிரிஞ்ச பிறகு இப்படி வீங்குதுன்னா, புதுசா எங்கயோ ஒட்டி அடைச்சிருக்கணும். நாளைக்கும் இப்படியே இருந்தா திரும்பத் திறக்கணும் மேடம்."

மெர்சி என்னைப் பார்த்து, "நேத்து போச்சுல்ல அத்தை?"

ம் என்றேன்.

ஆண்டவரே.

12, வெள்ளி

மழை. நான் சாப்பிடவில்லை. குழாய்ப் பை நிறைந்து மாற்றினார்கள், பச்சைதான். பத்து மணிக்கு, மறு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் பேப்பர். மெர்சி பேனாவைத் திறந்தாள்.

"பிரியல. நான் பொய் சொன்னேன். ஒரு தடவகூடப் பிரியல."

வார்டே திரும்பிப் பார்த்தது. கன்னியம்மா துடைப்பத்தோடு நின்றாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பேப்பரை எடுத்து மடித்தார். "அப்ப அடைப்பில்லாம, குடல் இன்னும் தூங்கிட்டிருக்கலாம். ஸ்கேன் பார்த்துட்டு முடிவு பண்றேன்."

மெர்சி: "உங்க கௌரவத்துக்கு எம்பொண்ணு வயிறா கெடச்சுது?"



ஸ்கேனில் அடைப்பு தெரியவில்லை. ஆனாலும் உறுதி சொல்ல மாட்டார்களாம். ஒரு நாள் தவணை. நடக்க வைக்கச் சொன்னார். வராண்டாவில் ஆறு நடை, குழாயோடு. ஜெ. என் தோளைத்தான் பிடித்தாள்.

13, சனி

தூறல். காலையில் எட்டு நடை. வயிறு அப்படியேதான். மெர்சி லீவு போட்டு வந்துவிட்டாள், என்னிடம் பேச்சில்லை. எதிர்க் கட்டிலுக்கு ஒரு கும்பல் பார்க்க வந்திருந்தது, பாதி ஆம்பளைகள். டாக்டர் வந்து மெர்சியிடம் கேட்டார், என்னிடம் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெ., மூக்கில் குழாயோடு, சத்தமாக:

"இன்னும் விடல சார். ஆனா உள்ள என்னமோ உருளுது."

யாரோ சிரித்தார்கள். அவள் முகத்தை மூடவில்லை. டாக்டர் குனிந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். "சத்தம் லேசா இருக்கு. கத்தி இன்னிக்கும் வேணாம்."