பன்னிரண்டு மணிக்குக் கோதுமை விலை

டேனர் கவுண்டி, நெப்ராஸ்கா
1974 ஜூலை 22

அன்புள்ள அப்பாவுக்கு,

அறுவடை இயந்திரங்களோடு தெற்கு டகோட்டா போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எனக்கு நம் கவுண்டி அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்துவிட்டது. இங்கே பிறந்து வெளியே போய்ப் பேர் வாங்கியவர்களின் படத்துக்குக் கீழே வைக்க ஆளுக்கொரு அட்டை எழுத வேண்டும். ஒரு செனட்டர், ஒரு பேஸ்பால் வீரர், பன்றிக் கொட்டகைக்குத் தானாக மூடும் கதவு கண்டுபிடித்தவர். ஊரில் இருக்கும் நெருங்கிய உறவு கையெழுத்துப் போட்டால்தான் படம் சுவரில் ஏறும்.

"கீழ் டிராயரை மட்டும் தொறக்காத கண்ணு, எலி குட்டி போட்டிருக்கு" என்கிறார் பொறுப்பாளர் எடித் அம்மாள். ஏன் விரட்டவில்லை என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

மதியம் ரேடியோவில் நோரா டேல் கோதுமை விலை வாசித்தார். வழக்கம்போல "உஷ்" சொல்ல நீங்கள் இல்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

உங்கள் அன்பு மகள்,
மார்லிஸ்

ஜூலை 27

மார்லிஸ் கண்ணு,

இங்கே மழை, வேலை நிற்கிறது. எடித் சொன்னால் கேள். அந்த டிராயர் பக்கம் போகாதே. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

ஆகஸ்ட் 1

அப்பா,

கீழ் டிராயரைத் திறந்தேன். எலி இல்லை. ஒரு படமும், அதன் அட்டையில் உங்கள் கையெழுத்தும்தான் இருக்கின்றன.

'நோரா டேல். ஓமஹா வானொலியில் தானிய விலை வாசித்த முதல் பெண். இயற்பெயர் நோர்மா. கணவர் ஆர்வின் கிரெட்ச்.' கீழே உங்கள் கோணல் எழுத்து: 'என் மகள் இந்த ஊரில் இருக்கும்வரை இந்தப் படத்தை மாட்டக் கூடாது.' தேதி 1965. அப்போது எனக்குப் பதிமூன்று வயது.

அம்மா காய்ச்சலில் இறந்தாள், ஒஹையோவில் புதைத்தோம் என்றீர்களே. ஒவ்வொரு நினைவு நாளிலும் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் அவளுக்குப் பியோனிப் பூ வைத்தேன். பக்கத்தில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அத்தனை பேருக்கும் தெரியும்.

"ஊருக்கே தெரியும்டி" என்றார் எடித். "உங்கப்பன் ஆர்வின் ஒருத்தர்கிட்டயும் கெஞ்சி நாங்க பாத்ததே இல்ல. அன்னிக்கு கெஞ்சினான். வாயை மூடிக்கிட்டோம்."

இத்தனை வருடம் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு தின்றிருக்கிறேன்.

மார்லிஸ்

ஆகஸ்ட் 6

கண்ணு,

உன் அம்மா உன்னை விட்டுப் போய்விட்டாள் என்று மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் குரல் முதல் தடவை ரேடியோவில் வந்தபோது அணைத்திருக்க வேண்டும். முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை எழுதினாள். நான் பதில் போடவில்லை. உன்னையும் கூட்டிப் போய்விடுவாளோ என்று பயம்.

படத்தை மாட்டாதே. ஓமஹா போகாதே. நான் வந்து எல்லாம் சொல்கிறேன்.

அப்பா

ஆகஸ்ட் 10

அப்பா,

அட்டை எழுதியாயிற்று. 'மகள்: மார்லிஸ்' என்று ஒரு வரி சேர்த்தேன். நீங்கள் ஊரில் இல்லை. நெருங்கிய உறவு நான்தான். கையெழுத்து நான் போட்டேன். படம் சுவரில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் ஓமஹா போகிறேன். வழக்கம்போலப் பன்னிரண்டு மணிக்கு ரேடியோவைப் போடுங்கள். கோதுமை விலையின் நடுவில் அவள் குரல் நின்றுபோனால், ஸ்டுடியோ கண்ணாடிக்கு வெளியே நான் நிற்கிறேன் என்று அர்த்தம்.

மார்லிஸ்