மூன்றாம் கட்டை முந்தி வாசித்த மதலேனா

உடையார்கட்டு
21.03.1999

அன்புள்ள பரமலிங்கத்துக்கு,

துணுக்காய்ப் பள்ளிக்கூடத்தில் நான் வேலையை ஏற்ற முதல் நாள், ஆசிரியர் அறையில் நீர் என்னிடம் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? சொந்த ஊர் எது, கலியாணம் முடித்தாயிற்றா என்று மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க, நீர் மட்டும் “இப்ப என்ன வாசிக்கிறீர்?” என்றீர். நான் அப்போது ஒன்றையும் வாசிக்கவில்லை. வெட்கத்தில் “பஸ் நேர அட்டவணை” என்றேன். நீர் சிரிக்கவில்லை. “அது முழுக்கக் கற்பனையல்லோ” என்றீர். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் சுகம் விசாரித்தது இந்தக் கேள்வியால்தான்.

தேனுகாவின் கடிதம் மூன்று மாதம் சுற்றித் திரிந்து போன கிழமை வந்து சேர்ந்தது. தன் அம்மா கமலாசனியின் ஆண்டுத் திவசம் முடிந்தது என்றும், அப்பா இன்னும் ஒரு புத்தகத்தையும் தொடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறாள். கேட்டால் “வாசிச்சு ஆருக்குச் சொல்லுறது?” என்கிறீராம். அந்த வரியை இரஞ்சிதத்துக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. புத்திமதி எழுதும் எண்ணம் இல்லை. நீர் கேட்காமல் விட்ட கேள்விக்கு நானாகப் பதில் எழுதுகிறேன்.

நாங்கள் கிழவனும் கிழவியும் சுகம். கிளிநொச்சி வீட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இங்கே கொட்டில் கூரைக்குப் புதுக் கிடுகு போட்டாயிற்று. கத்தரி காய்க்கிறது. இரஞ்சிதத்துக்கு முழங்கால் வலிதான்; ஆனாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

வாசிப்பது ஒரு நாவல். கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது சைக்கிள் கரியரில் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துக் கட்டியது. மழையில் அட்டை போய், மூன்று துண்டாகப் பிரிந்துவிட்டது. பக்க எண் இருந்த மூலைகளைக் கறையான் தின்றுவிட்டது. இரஞ்சிதம் சாக்கு ஊசியால் மூன்று கட்டாகத் தைத்து, பால்மாப் பெட்டி மட்டையை அட்டையாகப் போட்டார். “இனி ஒரே நேரத்திலை மூண்டு பேர் வாசிக்கலாம். மழைக்குப் புண்ணியம்” என்றார். துறையடியில் தேத்தண்ணிக் கடை நடத்தும் அன்னப்பிள்ளை என்பவளின் கதை. இருபது வருடத்துக்கு முன் வாசித்ததால் எனக்குப் பாதி மறந்துபோயிற்று.

கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணம் கொடுக்கும் நாளில் வரிசை அரை நாள் நகராது. அங்கேதான் எங்கள் வாசகசாலை. எனக்கு முன்னால் வீரகத்தி, வயல்காரர். பின்னால் மதலேனா, முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கருவாடு விற்பவர். அவருடைய கணவர் ஞானப்பிரகாசம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: பின்னால் வாசித்து வருபவருக்கு முன்னுக்கு நடப்பதைச் சொல்லக்கூடாது.

முதற் கட்டை மதலேனா முடித்து வீரகத்தியிடம் கொடுத்தார். இரண்டாம் கட்டை நான் மதலேனாவிடம் கொடுத்தேன். அடுத்த முறை வரிசையில் அவர் அதைத் திருப்பித் தரவில்லை. “இன்னும் முடியேல்லை சேர். வீரகத்தி அண்ணைக்கு மற்றக் கட்டைக் குடுங்கோ” என்றார். வீரகத்தி விடுவாரா? “மீன் செதில் கழட்டிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக் கழட்டிறா போலை” என்றார். மதலேனா, “நீங்கள் வாசிக்கிறது வாய்க்கால் தண்ணி மாதிரி அண்ணை. ஒரு இடத்திலும் நிக்காது” என்றார். நடுக் கட்டை விட்டுக் கடைசிக் கட்டை வாசிப்பதா என்று யோசித்தாலும், வீரகத்தியின் அவசரத்துக்கு மற்றதைக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நிவாரண நாளிலும் வீரகத்திக்கு அன்னப்பிள்ளைதான் பேச்சு. “ஊர் விதானையாரை என்ன கிழி கிழிச்சவள் தெரியுமோ! எங்கடை வரிசையிலை அவள் நிண்டால் எல்லாருக்கும் மத்தியானத்துக்கு முதல் சாமான் கிடைச்சிடும்” என்பார். மதலேனா ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார். சில நேரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கருவாடு விலைப்படவில்லையாக்கும் என்று நான் நினைத்தேன்.

வீரகத்தி முடித்த கட்டையும் வாங்கி வாசித்த பிறகுதான் மதலேனா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இரண்டாம் கட்டு என்று நான் அவரிடம் கொடுத்தது மூன்றாம் கட்டாம். அதன் முதல் பக்கத்திலேயே அன்னப்பிள்ளையின் செத்தவீடு. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு வரிசை சொல்லிக் கொடுத்தவன் மூன்று கட்டை ஒழுங்காக அடுக்கவில்லை! நான் கூனிக் குறுகிப் போனேன். கதை கெட்டுவிட்டதே என்று மன்னிப்புக் கேட்டேன்.

மதலேனா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கெடேல்லை சேர். செத்தது தெரிஞ்சுகொண்டுதான் மற்றக் கட்டை வாசிச்சனான். எண்டாலும் அவள் விதானையாரைப் பேசேக்கை எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கத்திலை அவள் உயிரோடைதானே இருக்கிறாள். வீரகத்தி அண்ணையும் அவளை அப்பிடியே கொஞ்ச நாள் வைச்சிருக்கட்டும் எண்டுதான் நான் குடுக்கேல்லை.”

நான் வீட்டுக்கு வந்து தேனுகாவின் கடிதத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை இரஞ்சிதத்துக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “ஆருக்குச் சொல்லுறது எண்டு கேட்டால், எங்களுக்குச் சொல்லட்டுமன். வரிசையிலை அரை நாள் நிக்கிறம்” என்றார்.

வீரகத்தி இப்போது மூன்றாம் கட்டில் இருக்கிறார். அன்னப்பிள்ளை செத்த கோபமாக்கும், இரண்டு முறையாக என்னோடு கதை இல்லை. ஆனால் அடுத்த கதை என்ன என்று மதலேனாவிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் வேறு புத்தகம் இல்லை. வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்த ஒருவர் நாளைக்கு இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்த் தபாலில் போடுவார்.

அந்தக் குளிர் நாட்டில் உமது உடம்பும் மனமும் சூடு ஆறாமல் இருக்கட்டும். இனி ஒரு வேலை சொல்கிறேன். நீர் கமலாசனிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிய புத்தகங்களில் ஏதாவது ஒன்றை எடும். நடுவில் திறந்து ஒரேயொரு பக்கம் வாசியும். அதில் என்ன இருந்தது, எந்த இடத்தில் அவர் குறுக்கே கதைத்தார் என்று வரிசையில் நிற்கும் எங்கள் மூவருக்கும் எழுதிப் போடும்.

உம்முடைய,
இளையதம்பி