மாஸ்க்குக்குப் பதில் மாத்திரை

மணலியில் ரசாயன டேங்க் கழுவும் அலெக்ஸாண்டர் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருந்தான். மாஸ்க் கேட்டவனிடம் காண்ட்ராக்டர், இதைத் தின்றால் புகை ஒன்றும் செய்யாது என்று நெல்லிக்காய், மஞ்சள் மாத்திரை டப்பாவைக் கொடுத்து அனுப்பிவிட்டான். கணவன் அதை நம்பியதுதான் ரூத்துக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புமுன், தூங்குகிறவனுக்குக் காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

"யோவ், சங்கரா மீன் கொழம்பு அடுப்பு மேல கீது. சுட வச்சித் துன்னு. டாக்டரம்மாவாண்ட கேட்டேன். நெல்லிக்கா, மஞ்சள்ல கீற சத்து, ஒடம்புல செல்லு கெட்டுப்போவாம கொஞ்சம் காக்கலாமாம். அதுவும் இன்னும் ஆராய்ச்சிலதான் கீதாம். நீ உள்ள இழுக்குற ஆசிட் பொகைய அது தடுக்காதுன்னாங்க. அந்தாளு உன்ன ஏமாத்துறான், நீயும் பல்ல இளிச்சிகினு வாங்கியாற. மாஸ்க்கு இல்லாம இனி டேங்குல எறங்குன, வூட்டுக்கு வராத!"

உள்ளே அவன் இருமுவது கேட்டது. தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "இன்னிக்கு வேலைக்குப் போவாத. நான் லீவு சொல்ட்டு வர்றேன். ரெண்டு பேருமா போய் அந்தாளக் கேக்கலாம்."

பத்து மணிக்கு அவள் திரும்பியபோது அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"கூட வேல செய்றவனுங்க நாலு பேரும் வரானுங்க," என்றான். "வா, போலாம்."