நான் கரைத்த கூழ்

9 ஜூலை 2024
என் மனைவி அன்னம்மாளுக்கு இதயம் பலவீனமாம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனைக்கு அனுப்பினார்கள். கவிப்பிரியா என்று சின்னப் பெண். அவள் அன்னம்மாளைக் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். நான் ரிட்டையரான விளையாட்டு வாத்தியார். விசில் போனாலும் வாய் போகவில்லை. "உப்பைக் குறைக்கணும். தண்ணி நாளைக்கு ஒன்றரை லிட்டர்..." முடிப்பதற்குள், "அளந்து குடுத்துர்றேம்மா" என்று எழுந்துவிட்டேன்.

12 ஜூலை
ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் பரண்மேல். தண்ணீர் ஒரே பாட்டில், சரியாக ஒன்றரை லிட்டர். "தாகமா கீதுங்க" என்றாள். ரூல்ஸ் என்றேன். ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. தெம்புக்குக் காலையில் ஒரு சொம்பு கூழ், மத்தியானம் ஒரு சொம்பு மோர், என் கையாலேயே கரைத்துக் கொடுக்கிறேன். இப்படி ஒரு புருஷன் திருத்தணியிலேயே கிடையாது.

16 ஜூலை
அவள் எடை கூடியிருக்கிறது. மெஷின் கோளாறு.

17 ஜூலை
நானும் ஏறிப் பார்த்தேன். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. என் தொப்பைக்குக்கூட மரியாதை தரவில்லை.

20 ஜூலை
கால் வீங்கி, மெட்டி சதையில் பதிந்துவிட்டது. சோப்பு போட்டு உருவினாள். கல்யாணத்தில் நான் போட்டுவிட்டது. "பெட்டியில வெய்ங்க" என்று என் கையில் கொடுத்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே கண் அசருகிறாள். பயமா இருக்குது. இவ போய்ட்டா நான் யாருக்கு ரூல்ஸ் போடறது? சே, என்ன எழுதறேன்.

22 ஜூலை
டாக்டர் மாத்திரையை மாற்றினார். மறுபடியும் கவிப்பிரியா. "நேத்து என்னென்ன குடிச்சீங்கம்மா?"
நான் வாயைத் திறந்தேன்.
"சார், அம்மா சொல்லட்டும்."
"அவரு குடுக்கிற பாட்டிலு தண்ணி. அப்பால ஒரு சொம்பு கூழு, ஒரு சொம்பு மோரு, உப்பு போட்டு. வேணாம்னா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருப்பாரும்மா."
"கூழ், மோர், காபி எல்லாமே அந்த ஒன்றரை லிட்டர்லதான் சார் வரும்."
அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வாயெடுத்திருக்கிறாள். தண்ணீரை அளந்துவிட்டு வெள்ளத்தைச் சொம்பில் ஊற்றியிருக்கிறேன். வாத்தியாராம்!

25 ஜூலை
புது ஏற்பாடு. அவள் எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செம்பருத்திக்கு ஊற்றுகிறோம். செடிக்கு வாழ்வு.

29 ஜூலை
ஆடிக் கிருத்திகை. தெருவெல்லாம் காவடி. மலையை வாசலிலிருந்தே கும்பிட்டோம்.

4 ஆகஸ்ட்
அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டு ஆதிகேசவன் அவளுக்குச் சொம்பு நிறைய நீட்டினான். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். "அரை டம்ளர் போதும்பா, நெஞ்சுக்கு ஆவாது" என்று அவளே சொன்னாள்.

11 ஆகஸ்ட்
வீக்கம் வடிந்துவிட்டது. காலையில் பெட்டியைத் திறந்து மெட்டியை என்னிடம் நீட்டினாள். "நீங்களே போட்டு உடுங்க."
உட்கார்ந்து போட்டுவிட்டேன். முட்டி பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.
மூச்சு வாங்கியது எனக்குத்தான்.